கீழ்நோக்கி வளர்ந்த மலை: ஊரிகத்தில் ஒரு நாள்

கோலார் தங்கவயலின் ஊரிகம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளின் வடவிளிம்பில் உள்ள சால்ஸ்பர்க் நகரம் ஏறத்தாழ 425 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொட்சார்ட் பிறந்த நகரத்தைக் காட்டிலும் இருமடங்கு உயரத்தில் நிற்கும் இவ்வூரை எவரும் மலைநகரம் என்று அழைத்ததில்லை. ஊரிகத்தின் மலை கீழ்நோக்கி வளர்ந்தது. அதைக் காண வருபவர் தலையை நிமிர்த்திப் பயனில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து வந்த மாரிக்குப்பம் இரயிலிலிருந்து இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் ஊரிகம் நிலையத்தில் இறங்கினார். அந்நேரத்தில் எதிர்த்திசையில் செல்லும் கூட்டமே பெரிது. சுரங்கம் மூடப்பட்ட பின்னர் தங்கவயலின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறிச் சென்று திரும்பித்தான் பிழைக்கின்றன. பௌரிங்பேட்டை என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து சுரங்கங்களுக்கென்றே 1894இல் போடப்பட்ட இருப்புப்பாதை இது. உள்ளே ஆட்களைக் கொண்டுவரப் பிறந்த பாதை, இன்று ஆட்களை வெளியே கொண்டுசெல்வதற்குப் பயன்படுகிறது.

இளைஞர் சால்ஸ்பர்க்கில் இரண்டாண்டுகள் நிலவியல் பயின்று திரும்பியவர். அவர் வந்தது ஒரு வேலையாக. ஊரிகத்து லைன் வீட்டில் தனியே வாழும் எண்பது வயதுத் தாத்தாவைப் பெங்களூருக்கு அழைத்துவரச் சம்மதிக்க வைக்க வேண்டும். அம்மா ஐந்தாண்டுகளாகக் கேட்டும் நடக்கவில்லை. தாத்தாவின் நுரையீரலில் முப்பது ஆண்டுக் கல்தூசி படிந்திருக்கிறது. காற்றடி காலத்தில் வெண்ணிறப் புழுதி எழும்போது அவர் இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே மூச்சுவாங்குகிறார் என்று பக்கத்து வீட்டார் தொலைபேசியில் சொல்லியிருந்தனர்.

லைன் என்பது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குத் தங்கவயல் தமிழில் வழங்கும் பெயர். முன்பு மூங்கில் தட்டிகளால் சுவரெழுப்பிய வீடுகள். அதனால் தட்டி வீடு என்ற சொல்லும் முதியோர் பேச்சில் இன்னும் இருக்கிறது. தாத்தாவின் தகப்பனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து அத்தகைய தட்டி வீடொன்றில்தான் குடியேறினார். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களே இச்சுரங்கங்களைத் தோண்டினர். மேலே பங்களாக்களில் வாழ்ந்தோர் இவ்விடத்தைக் குட்டி இங்கிலாந்து என்றனர். லைனில் வாழ்ந்தோர் தத்தம் ஊரின் வழக்கை விடாமல் பேசிப் பேசித் தமிழின் தனியொரு வட்டாரப் பேச்சை உருவாக்கினர்.

வந்ததும் பேரன் தம் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். சால்சாக் ஆறு, குன்றின் மேல் கோட்டை, பழைய நகரின் பச்சைக் குவிமாடங்கள், பின்னணியில் பனி மூடிய மலைகள். சால்ஸ்பர்க் என்ற பெயரின் பொருள் உப்புக்கோட்டை. அந்நகரின் மையப்பகுதி 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது என்றும் சொன்னார். தாத்தா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஊரு நல்லா கீது. இத்தினி கட்டடம் கட்ட காசு எங்கிருந்து வந்துச்சு?"

"உப்பு, தாத்தா. பக்கத்துல மலைக்குள்ள உப்புச் சுரங்கம். அதை வெள்ளைத் தங்கம்னு சொல்லுவாங்க."

தாத்தாவின் முகம் மாறியது. அவர் கேட்க விரும்பிய செய்தி அதுதான் போலும். சுரங்கம் இன்னும் ஓடுகிறதா என்று விசாரித்தார். ஹாலைன் ஊருக்கு மேலேயுள்ள டூர்ன்பெர்க் சுரங்கத்தில் உற்பத்தி 1989இல் நின்றுவிட்டது என்றும், இப்போது அது காட்சிச் சுரங்கம் என்றும் பேரன் விளக்கினார். வருபவர்க்கு வெள்ளை மேலங்கி தருவார்கள். சிறு இரயிலில் அமர்ந்து உள்ளே சென்று, பழந்தொழிலாளர்கள் பயன்படுத்திய மரச்சறுக்கில் வழுக்கி இறங்கி, நிலத்தடி உப்பேரியைப் படகில் கடந்து, ஜெர்மனியின் எல்லையைப் பூமிக்குள்ளேயே தாண்டித் திரும்பலாம்.

"இறங்கறதுக்குக் கூலி தருவாங்களா?"

"இல்ல தாத்தா. நாமதான் டிக்கெட் வாங்கணும்."

முதியவர் வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று. தண்ணீர் குடித்துத் தேறியபின் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். உன் ஊரை நீ காட்டினாய். என் ஊரை நான் காட்டுகிறேன். பார்த்துவிட்டுப் பெங்களூர்ப் பேச்சை எடு.

முதலில் நந்திதுர்க் சுரங்கத்தின் பக்கம் நடந்தனர். நடை என்றால் நூறடிக்கு ஒருமுறை நிற்கும் நடை. வேலிக்கு அப்பால் ஷாஃப்டின் மேலுள்ள இரும்புக் கோபுரம் தெரிந்தது. கோபுரத்தின் சக்கரங்கள் சுழல்வதில்லை. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் முடிவுக்கு வந்தபின் கீழ்த்தளங்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது. இன்று எவரும் இறங்க முடியாது. இறங்க முடியாத ஓர் ஊரை வந்தவருக்கு எவ்வாறு காட்டுவது? தாத்தா அதற்குப் பேச்சையே கருவியாகக் கொண்டார்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3,200 மீட்டர். ஆஸ்திரியாவின் மிகவுயர்ந்த சிகரமான க்ராஸ்க்ளாக்னர் 3,798 மீட்டர். அச்சிகரத்தைத் தலைகீழாகத் திருப்பி ஊரிகத்துக்கு அருகில் நட்டால் சுரங்கத்தின் அடியைத் தாண்டிச் சற்றே நீளும். மலையேறுவோர் மேலே போகப் போகக் குளிரைச் சந்திக்கின்றனர். இங்கு இறங்கியோர் வெப்பத்தைச் சந்தித்தனர். அடித்தளங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தியே அங்கு மனிதர் வேலைசெய்ய முடிந்தது. மலையேறுபவர் உச்சியில் கொடி நடுவார். இவர்களோ, கூண்டில் இறங்கிப் போன அதே எண்ணிக்கையில் மேலே வந்தார்களா என்று ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் எண்ணிப் பார்க்கப்பட்டனர்.

வயதிலும் இவ்விரு மலைகளுக்கும் ஒப்புமை இல்லை. ஆல்ப்ஸ் எழுந்து சில கோடி ஆண்டுகளே ஆகின்றன. நிலவியலில் அது இளைய மலை. தங்கம் பொதிந்த கோலார் பட்டையின் பாறைகளோ ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையுடையவை. பேரன் இதைச் சொன்னபோது தாத்தா வியக்கவில்லை. "கல்லு கிழக்கல்லுதான். அதுக்குக் கோவமும் கிழவன் கோவம், சொல்லிட்டு வராது" என்றார்.

அவர் செய்தது டிம்பர் வேலை. வெட்டிய பாதை இடிந்துவிடாமல் மரத்தாலும் கல்லாலும் தாங்குகோல் அமைக்கும் குழு அது. வேலை தொடங்குமுன் கடப்பாரையால் மேற்பாறையைத் தட்டுவார்கள். கணீரென ஒலித்தால் பாறை உறுதி; டொக்கென்று ஒலித்தால் உள்ளே விரிசல். காதுதான் படிப்பு, காதுதான் சம்பளம் என்று அவருடைய மேஸ்திரி சொல்வாராம். ஆழம் கூடக் கூடப் பாறையின் அழுத்தம் ஒருநாள் வெடிப்பாகப் பீறிடும். நிலவியலார் அதைப் பாறை வெடிப்பு என்பர். தங்கவயலில் அதன் பெயர் ஏர் பிளாஸ்ட். அது நிகழ்ந்தால் மேலே லைன் வீடுகளில் அடுக்கிய பாத்திரங்கள் அதிரும். பெண்கள் வாசலுக்கு வந்து கூடிநிற்பார்கள். எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட் என்று தெரியும்வரை எவரும் எவர் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

பேரனுக்குச் சால்ஸ்பர்க்கின் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அந்நகரின் நடுவே மோன்ஷ்பெர்க் என்ற குன்று செங்குத்தாக எழுகிறது. 1669ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக அந்நகரில் ஒரு தனித்தொழில் தோன்றிற்று. கயிற்றில் தொங்கியபடி பாறைமுகத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, தளர்ந்த கல்லைப் பெயர்த்தெடுக்கும் மலை துப்புரவாளர்கள் இன்றும் நகராட்சியின் ஊழியர்களாக இருக்கிறார்கள். குன்றின் அடிவாரத்தில் காப்பி அருந்தும் பயணிகள் அவர்களை நிமிர்ந்து பார்த்துப் படமெடுக்கிறார்கள்.

"அவங்களும் தட்டித்தான் கேக்கறாங்க, தாத்தா."

முதியவர் நின்றார். தம் தொழிலைச் செய்பவர் வேறொரு கண்டத்தில், பட்டப்பகலில், பலரும் பார்க்கச் செய்கிறார் என்ற செய்தி அவரை அசைத்திருக்க வேண்டும். "பாக்கறாங்களா? நின்னு பாக்கறாங்களா?" என்று இருமுறை கேட்டார். பிறகு தம் கூட்டாளி ஒருவரைப் பற்றிச் சொன்னார். 1970களில் ஓர் இரவு ஷிப்ட். மேற்பாறையைத் தட்டிய கூட்டாளி, ஒலி சரியில்லை என்று கூறி இவரைப் பின்னே போய் மரம் எடுத்துவரச் சொன்னார். இவர் இருபதடி சென்றதும் விளக்குகள் அணைந்தன. மரத்துடன் திரும்பிவர அங்கே இடம் இருக்கவில்லை. இக்கதையைப் பேரன் இதுவரை கேட்டதில்லை. அவருடைய அம்மாவும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் வழியாக ஒரு சுற்று சென்றனர். வழிநெடுக வரலாறு கலைந்து கிடக்கிறது. 1802இல் ஜான் வாரன் என்ற படை அதிகாரி இவ்வூரிகத்துக்கும் மாரிக்குப்பத்துக்கும் வந்து, சிற்றூர் மக்கள் மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1870களில் மைக்கேல் லவேல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தபின்னரே ஆழச்சுரங்கம் பெருந்தொழிலாயிற்று. சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து பெற்ற மின்சாரம், 147 கிலோமீட்டர் கடந்து 1902 ஜூன் 30 அன்று இங்கு வந்தடைந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தே. ஆனால் அம்மின்சாரம் இங்கு வந்தது சுரங்க எந்திரங்களுக்காக. தட்டி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்று தகப்பனார் சொல்லக் கேட்டதாகத் தாத்தா கூறினார்.

பேரன் சால்ஸ்பர்க்கில் மொட்சார்ட்டின் பெயர் படாத கடையே இல்லை என்றார். மிட்டாயிலும் அவர் முகம்தான். உங்கள் ஊரில் யார் இருக்கிறார் என்ற கேள்வியை அவர் வெளிப்படையாகக் கேட்கவில்லை. எனினும் தாத்தா விடை கூறினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914இல் அவர் மறைந்தபின், 1926 முதல் இத்தங்கவயலிலிருந்துதான் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. பூமிக்குள் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு மேலே வந்த தொழிலாளர்கள் பௌத்த சங்கம் வைத்து, இதழுக்குச் சந்தா கட்டி, படிக்கத் தெரியாதவர்க்கு உரக்கப் படித்துக் காட்டினர். தாத்தாவின் தகப்பனார் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது பள்ளியில் அன்று. அவ்வாறு உரக்கப் படித்த ஒரு திண்ணையில். 1930இல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது, நாங்கள் குற்றவாளிகள் அல்லர் என்று கூறிச் சுரங்கங்கள் அனைத்தையும் நிறுத்திய வேலைநிறுத்தத்தையும் அதே தலைமுறைதான் நடத்திற்று. எழுதப் படிக்கக் கற்றவர் ரேகை வைக்க மறுப்பதில் வியப்பொன்றுமில்லை.

உச்சிவெயிலில் சயனைடு மேடுகளின் அருகே ஆட்டோ நின்றது. பொன்பாறையை அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய மண்ணைக் கொட்டியதால் எழுந்த குன்றுகள் இவை. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண். மழைநீர் அவற்றில் செங்குத்தான ஓடைகளை அறுத்திருக்கிறது. வெயிலில் அவை வெளுத்து மின்னுகின்றன. கன்னடத்தில் எடுத்த 'கே.ஜி.எஃப்' திரைப்படத்துக்குப் பின்னரும், தமிழில் 'தங்கலான்' வந்த பின்னரும், இவற்றைத் தேடிவரும் இளைஞர் கூட்டம் பெருகியிருக்கிறது. அன்றும் நால்வர் படமெடுத்துக்கொண்டிருந்தனர்.

"தூரத்துலேர்ந்து பாத்தா பனி மலை மாதிரியே இருக்கு, தாத்தா."

"பனி கரையும் கண்ணு. இது காத்துல பறக்கும்."

அந்நேரத்தில் காற்று இல்லை. இருந்தும் முதியவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். எந்தக் கையசைவு எதற்கென்று விளக்கவேண்டாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது. படமெடுக்கும் நால்வரையும் பார்த்து, துணி கட்டிக்கொள்ளுங்கள் தம்பி என்று குரல் கொடுத்தார். அவர்கள் சிரித்துக் கையசைத்தனர். அந்த மேட்டின் எந்த அடுக்கில் தாம் வெட்டிய கல்லின் தூள் இருக்கும் என்று அவர் கணக்கிட முயன்றார். அடியில் தகப்பனார் தோண்டியது, நடுவில் தாம் தோண்டியது. நூற்றிருபது ஆண்டுகளில் இச்சுரங்கங்கள் தந்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர். தங்கம் ஊரைவிட்டுப் போயிற்று. மண் மட்டும் இங்கேயே மலையாய் நிற்கிறது.

பேரன் தயங்கித் தயங்கி வேறொரு செய்தியைத் தெரிவித்தார். ஆஸ்திரியாவில் பாட் காஸ்டைன் அருகே 1940களில் தங்கம் தேடி மலையைக் குடைந்தனர். தங்கம் கிடைக்கவில்லை. சூடான, ரேடான் வாயு கலந்த காற்றே கிடைத்தது. அதில் வேலைசெய்தோர்க்கு மூட்டுவலி குறைந்ததாகச் சொல்லப்படவே, அக்குகையை மருத்துவ நிலையமாக்கினர். இன்றும் நோயாளிகள் சிறு இரயிலில் உள்ளே சென்று படுத்திருந்து வருகிறார்கள். தாத்தா இதை நம்ப மறுத்தார். சுரங்கத்துக்குள் போய் நோய் தீர்ந்தவர் எவரையும் அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை.

ஒன்றை மட்டும் அவர் பெருமிதத்துடன் சொன்னார். சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் அறிவியலார் வேலைசெய்தனர். மேலிருந்து வரும் பிற கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால், 1965இல் டாடா ஆய்வு நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவுசெய்தன. உலகில் அத்தகைய பதிவுகளில் அது முதன்மையானது. பின்னர் 1980களில் புரோட்டான் சிதைவை நோக்கிய ஆய்வும் இங்கு நடந்தது. அதற்கான இரும்புத் தகடுகளைக் கூண்டில் ஏற்றி இறக்கிய கைகளில் இவருடையவையும் இருந்தன. "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைத் தேடறோம், சத்தம் போடாம வைங்கன்னாங்க. நாங்க மெதுவா வெச்சோம்" என்றார். இயற்பியல் கட்டுரைகளில் இக்கைகளுக்கு இடமில்லை. எனினும் அவை மெதுவாக வைத்ததால்தான் கருவிகள் பிழைத்தன.

மாலையில் பேத்தமங்கலம் ஏரிக்குச் சென்றனர். பாலாற்றின் குறுக்கே தேக்கிய இந்நீரே தங்கவயலின் குடிநீராகவும் சுரங்கங்களின் நீராகவும் நெடுங்காலம் இருந்தது. மேற்கே மலைத்தொடர் வெயில் சாயக் கருத்துக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் கேழ்வரகு வயல்கள். இதே பாலாறுதான் கீழே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்குச் செல்கிறது; அதாவது இங்கு வந்து தோண்டியவர்களின் சொந்த ஊர்களுக்கு. ஆறு தெற்கிலும் கிழக்கிலுமாக அவர்களுடைய ஊரை நோக்கி ஓட, அவர்கள் அதன் கரைவழியே எதிர்த்திசையில் ஏறி வந்திருக்கிறார்கள். கரையில் அமர்ந்ததும் முதியவரின் மூச்சு சற்றுச் சீரடைந்தது. நாள் முழுவதும் அவர் மறைத்துவந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

அங்கே அவர் மீண்டும் உப்புச் சுரங்கத்துக்கு வந்தார். அந்தச் சறுக்கில் வழுக்கிப் போகும் பயணிகளுக்கு, அதைத் தோண்டினவர்கள் யார் என்று சொல்வார்களா? பேர் சொல்வார்களா?

பேரன் யோசித்தார். கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 600ஆம் ஆண்டிலிருந்தே கெல்டிய மக்கள் அங்கு உப்பு வெட்டினர் என்பதை வழிகாட்டி சொன்னது நினைவிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அச்சுரங்கத்தில் ஓர் உடல் கிடைத்தது என்பதும் நினைவிருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இடிபாட்டில் சிக்கிய தொழிலாளி. உப்பு அவனை ஆடையோடும் தோலோடும் காத்திருந்தது. அவன் பெயர் எவருக்கும் தெரியாது. உப்பு மனிதன் என்றே அழைக்கிறார்கள்.

"பேர் தெரியாது தாத்தா. ஆனா ஒரு ஆள் இருந்தான்னு எல்லாருக்கும் சொல்றாங்க."

"உப்பு காப்பாத்துச்சு. எங்க கல்லு அப்பிடி காப்பாத்தாது."

இவ்வளவு நேரம் ஊர்காட்டிய மனிதர் அப்போது கண்களை மூடிக்கொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். கூண்டில் ஒன்றாக இறங்கியவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் லைன், பின்னால் வேலை. சிலருக்குப் பட்டப்பெயர் மட்டுமே. பணிக்காலத்துக்குப் பின் இருமி இறந்தவர்களுக்கு ஓர் இடைவெளி. உள்ளேயே தங்கிவிட்டவர்களுக்குச் சற்று நீண்ட இடைவெளி. இரவு ஷிப்டின் அந்தக் கூட்டாளியின் பெயரைக் கூறியபோது குரல் மாறவில்லை. கடப்பாரையால் தட்டிப் பார்ப்பவரைப் போல ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே சென்றார். பேரன் கைப்பேசியில் தட்டச்சு செய்தார். முப்பத்தொரு பெயர்கள். ஒரே பெயருடைய மூவரைப் பிரித்தறியத் தகப்பன் பெயரையும் சேர்க்க வேண்டியிருந்தது.

சால்ஸ்பர்க்கில் ஒரு பயணி காண்பது முடிந்துபோன உழைப்பின் அழகு. உப்பின் வருவாயைக் கொண்டு இளவரச ஆயர்கள் கட்டிய மாளிகைகளும் தேவாலயங்களும் அதே ஊரில் நிற்கின்றன. தோண்டியதும் கட்டியதும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்குகின்றன. ஆகவே அங்கே சுரங்கத்தைக் காட்டுவது எளிது. ஊரிகத்தின் கோட்டைகளோ வேறு நாட்டில், வேறு நகரங்களில், பங்குச் சந்தைகளில் எழுந்தன. இங்கே எஞ்சியவை இறங்க முடியாத ஆழமும், பறக்கும் மண்ணும், மனிதரின் நினைவும். முதல் இரண்டும் இன்னும் நெடுங்காலம் இருக்கும். மூன்றாவதற்கு எண்பது வயதாகிவிட்டது. அது நூறடிக்கு ஒருமுறை நின்று மூச்சுவாங்குகிறது. இவ்வூரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கம்பெனிகளின் ஏடுகளையும் அரசாங்கக் கோப்புகளையும் நம்பி நிற்பவை. அவற்றின் மதிப்பு குறைவன்று. ஆயினும், டொக்கென்ற ஒலிக்கும் கணீரென்ற ஒலிக்கும் இடையிலான வேறுபாட்டை எந்தக் கோப்பும் பதிவுசெய்திருக்க முடியாது.

இரவில் பெங்களூர்ப் பேச்சைத் தாத்தாவே எடுத்தார். காற்றடிக்கும் மாதங்களில் மட்டும் வந்து மகள் வீட்டில் இருப்பதாக ஒப்புக்கொண்டார். மருத்துவரையும் பார்ப்பதாகச் சொன்னார். மற்ற மாதங்கள் இங்கேதான். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். சங்கத்துக் கூட்டம் நடந்தால் தகவல் வரவேண்டும். அம்மா எதிர்பார்த்த விடை இதுவன்று. மறுநாள் காலையில் அதை அவரிடம் எவ்வாறு சொல்வது என்ற எண்ணத்துடன் பேரன் இரயிலேறினார்.

இரயில் பெமல் நகரைத் தாண்டி, கோரமண்டலில் நின்று புறப்பட்டது. பங்காருப்பேட்டை வருவதற்குள் கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் மூச்சுவாங்கும் சத்தம் முதலில் கேட்டது.

"கண்ணு, ஒரு பேர் வுட்டுப்போச்சு. எழுதிக்கறியா?"